சுமை மாவட்டத்தில், அதிகாரம் கொழும்பில்!

சித்தம் கலங்கியோரைக் காவலில் வைக்க 1873ஆம் ஆண்டில் அந்நிய ஆட்சியாளர் சட்டம் இயற்றினர். அதன் நிழலில் எழுந்ததே அங்கொடை. 2008இல் அது தேசிய மனநல நிறுவகம் என்று பெயர் மாறிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து அதன் தூரம் மாறிற்றா?

ஏனைய நோய்களுக்கு இரத்தப் பரிசோதனை சாட்சி சொல்லும். மனநோய்க்கோ நோயாளியின் சொல்லே சாட்சி. அச்சொல்லைத் தாய்மொழியில் கேட்க ஆளில்லாவிடின் வைத்தியம் எங்ஙனம் பலிக்கும்?

2005ஆம் ஆண்டின் மனநலக் கொள்கை, மாவட்டந்தோறும் உள்நோயாளர் பிரிவு வேண்டுமென்றது. நல்ல வாக்குத்தான். ஆனால் வாக்கு மருந்தாகுமோ?

மாதம் ஓர் ஊசி தவறாது கிடைத்தால் எத்தனையோ நோயாளர் வீட்டிலிருந்தே தோட்டஞ் செய்து வாழ்வர். அது தவறினால் நோய் திரும்பும். கூலியை இழந்து, பஸ் ஏறி வர இயலாத கமக்காரனைத் தேடிச் செல்ல ஊழியரும் வாகனமும் வேண்டும். அதற்கு விடைசொல்ல வேண்டியவர் மாவட்ட உளவைத்திய நிபுணர். ஆனால் வைத்தியர் நியமனமும் இடமாற்றமும் ஆளணி அனுமதியும் கொழும்பில்! கையைக் கட்டிவிட்டு நீந்தச் சொல்வது நீதியா?

போர்க்காலத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் ஆசிரியர்களையும் கிராம ஊழியர்களையும் பயிற்றி இப்பணியைத் தாங்கினர். தனிமனிதர் தியாகம் போற்றத்தக்கது. அது நிர்வாகத்துக்கு ஈடாகாது.

மாவட்ட உளவைத்தியத் தலைமைக்குத் தனி நிதியும், தமிழறிந்த ஊழியரை அமர்த்தும் அதிகாரமும் வேண்டும். படித்தோரே, கமக்காரரே! வீட்டு நோயை வெட்கி மறைத்தது போதும். வாக்குக் கேட்டு வருவோரிடம் இதனைக் கேளுங்கள்.