ஓசூரில் ஓய்வுபெறும் முஸ்லிம் முதியோர்: தேவை தனிக் குடியிருப்பா, தகுந்த குடியிருப்பா? முழு விளக்கம்

1980-களில் ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வந்தவர்கள் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அன்று 22 வயதில் நைட் ஷிஃப்டுக்கு சைக்கிளில் போனவர், இன்று பேரன் பேத்தி எடுத்தவர். பிள்ளைகள் 40 கிலோமீட்டர் தள்ளி பெங்களூருவில் இருக்கிறார்கள், இல்லையென்றால் வளைகுடாவில். வீட்டில் இரண்டே பேர். ஒருவர் வழுக்கி விழுந்தால் தூக்கிவிட இன்னொருவருக்குத் தெம்பில்லை.

இப்படிப்பட்டவர்களைக் குறிவைத்துத்தான் 'சீனியர் லிவிங்' விளம்பரங்கள் வருகின்றன. நடைபாதை, யோகா ஹால், வளாகத்துக்குள்ளேயே கோயில், சைவ உணவுக்கூடம். பலருக்கு இது நிம்மதி. அதே விளம்பரத்தை ஒரு முஸ்லிம் தம்பதி பார்த்தால் முதல் கேள்வி வேறாக இருக்கும்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நாங்க எங்கே தொழுவோம், என்ன சாப்பிடுவோம்?"

அந்தக் கேள்விக்குப் பதில் என்ன? முஸ்லிம் முதியோருக்கென்று தனிக் குடியிருப்பு கட்ட வேண்டுமா? சட்டம் அனுமதிக்குமா? செலவு கட்டுப்படியாகுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏன் இப்போது இந்தக் கேள்வி?

தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களின் பங்கு 2021-ல் 13.6 சதவீதம் என்றும், 2031-ல் இது 18.2 சதவீதமாக உயரும் என்றும் மத்திய அரசின் 'இந்தியாவில் முதியோர் 2021' அறிக்கை மதிப்பிடுகிறது. கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான்.

2011 கணக்கெடுப்பின்படி கிருஷ்ணகிரி மாவட்ட மக்கள்தொகை சுமார் 18.8 லட்சம். இதில் முஸ்லிம்கள் ஏறக்குறைய 6 சதவீதம், அதாவது ஒரு லட்சத்துக்கும் மேல். 18-ம் நூற்றாண்டின் இறுதிவரை மைசூர் ஆட்சியின் கீழ் இருந்த பகுதி இது. அதனால் இங்குள்ள பல குடும்பங்களில் வீட்டு மொழி தக்கினி உருது. ஆலை வேலைக்காக மற்ற மாவட்டங்களிலிருந்து வந்து தங்கிவிட்ட தமிழ் பேசும் முஸ்லிம்களும் உண்டு. ஒரே பள்ளிவாசலில் தொழுதாலும், இரு தரப்பின் மொழியும் சமையலும் வேறு.

கூட்டுக்குடும்பம் இருந்தவரை இது பெரிதாகத் தெரியவில்லை. தாதிமாவின் மருந்து நேரம் மருமகளுக்குத் தெரியும், தாதாவை ஜும்ஆவுக்குக் கூட்டிப்போகப் பேரன் இருந்தான். இப்போது மருமகளும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு பஸ் ஏறுகிறார். பாசம் குறையவில்லை, ஆள்தான் இல்லை.

'தகுந்த வீடு' என்றால் என்ன? ஒரு தொழுகை அறை போதாதா?

போதாது. இங்கேதான் கட்டுமான நிறுவனங்கள் தவறவிடுகின்றன. பிரச்சினை தொழுகை அறையில் தொடங்குவதில்லை, குழாயடியில் தொடங்குகிறது.

*ஒளு செய்யும் இடம்:* ஒரு நாளைக்கு ஐந்து வேளைத் தொழுகை. அதற்கு முன் முகம், கை, கால் கழுவ வேண்டும். சாதாரண வாஷ்பேசினில் 70 வயதுக்காரர் காலைத் தூக்கி வைத்துக் கழுவினால் என்ன ஆகும்? ஒற்றைக்காலில், ஈரத் தரையில் நிற்கிறார். இடுப்பெலும்பு முறிய இதைவிட வேறு காரணம் வேண்டாம். உட்கார்ந்தபடி கழுவ ஒரு மேடை, முழங்கால் உயரத்தில் குழாய், பிடித்துக்கொள்ளக் கம்பி, வழுக்காத தரை. செலவு குறைவு, காப்பாற்றுவது ஒரு உயிரை.

*திசை:* ஓசூரிலிருந்து கிப்லா, மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்த திசை. கழிப்பறையில் கிப்லாவை நோக்கியோ, அதற்கு முதுகு காட்டியோ உட்காரக் கூடாது என்பது மார்க்க ஒழுக்கம். கட்டிலில் கால் அந்தத் திசையில் நீள்வதையும் பெரியவர்கள் விரும்ப மாட்டார்கள். வரைபடம் போடும்போதே கவனித்தால் இதற்குக் கூடுதல் செலவே இல்லை. கட்டிய பிறகு மாற்றுவதென்றால் சுவரை இடிக்க வேண்டும்.

*சமையலறை:* ஹலால் இறைச்சி ஒரு பாதி மட்டுமே. ரமலானில் சமையலறையின் நேரமே மாறும். விடிவதற்கு முன் ஸஹர், சூரியன் மறைந்ததும் நோன்புக் கஞ்சி. காலை 8 மணிக்கு டிஃபன், இரவு 7.30-க்கு டின்னர் என்று கட்டிப்போட்ட கேன்டீனால் இதைச் சமாளிக்க முடியாது. சர்க்கரை நோயாளிகள் நோன்பு வைக்கலாமா, மாத்திரையை எப்போது போடுவது என்று முன்கூட்டியே ஆலோசிக்க மருத்துவரும் வேண்டும்.

*பெண்கள்:* குளிப்பாட்டவும் உடை மாற்றவும் பெண் பணியாளர்தான் வேண்டும் என்று கேட்பது வசதிக்கான கோரிக்கை கிடையாது, அது கண்ணியம். கணவரை இழந்த பெண்ணுக்கு 'இத்தா' காலம் 4 மாதம் 10 நாள். அந்த நாட்களில் வெளியே போவதைக் குறைத்து, தனிமை காப்பார். பொது உணவுக்கூடத்துக்கு வந்துதான் சாப்பிட வேண்டும் என்ற விதி அவரை என்ன செய்யும்? அறைக்கே சாப்பாடு வரும் ஏற்பாடு ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

*மொழி:* மறதி நோய் முற்றும்போது, பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவி, தாய்மொழி மிஞ்சுவது பலரிடம் காணப்படுகிறது. ஆலையில் தமிழ் பேசியவர் படுக்கையில் தக்கினியில் தண்ணீர் கேட்பார். கேட்பவருக்குப் புரிய வேண்டும்.

*கடைசிப் பயணம்:* ஜனாஸாவைத் தாமதிக்காமல் அடக்கம் செய்வது வழக்கம். உடலைக் குளிப்பாட்ட ஓர் இடம், அருகில் உள்ள ஜமாஅத்துடன் முன்கூட்டியே பேசி உறுதிசெய்த கபர்ஸ்தான் இடம், இரண்டும் வேண்டும். இதில்தான் ஓசூரின் பிரத்யேகச் சிக்கல். வேலைக்காக வந்தவரின் பெயர் சொந்த ஊர் ஜமாஅத்தில் இருக்கும், வாழ்க்கை இங்கே இருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரு மருத்துவமனையில் உயிர் பிரிந்தால், எங்கே அடக்கம் என்று அந்த நேரத்தில் குடும்பம் ஃபோனைத் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது.

'முஸ்லிம்களுக்கு மட்டும்' என்று கட்டலாமா?

2025 செப்டம்பரில் மும்பையை அடுத்த நேரல் பகுதியில் 'ஹலால் லைஃப்ஸ்டைல் டவுன்ஷிப்' என்ற பெயரில் வந்த விளம்பரம் பெரும் சர்ச்சையானது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் மகாராஷ்டிர அரசிடம் விளக்கம் கேட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டும் உறுப்பினர் உரிமை தரும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் விதி செல்லும் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கம் அமைக்கும் உரிமை என்ற அடிப்படையில் வந்த தீர்ப்பு அது. ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் விதியைப் பற்றியது. அதை அப்படியே தனியார் பில்டரின் திட்டத்துக்குப் பொருத்திவிட முடியாது.

ஆனால் இந்தக் கத்திக்கு இரண்டு பக்கமும் கூர். 'எங்களுக்கு மட்டும்' என்று ஒரு தரப்பு எழுதினால், மறு தரப்பும் எழுதும். வாடகை வீடு தேடும்போது பெயரைக் கேட்டதும் "வீடு போயிடுச்சு" என்ற பதிலைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, அந்தப் பூட்டு எப்படி இருக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே கதவு எல்லோருக்கும் திறந்திருக்க, உள்ளே ஏற்பாடுகள் முஸ்லிம் முதியோருக்கும் பொருந்துவதே நிலைக்கும் வழி. மேலே சொன்ன பட்டியலைத் திரும்பப் பாருங்கள். உட்கார்ந்து கால் கழுவும் மேடை எந்த மூட்டுவலிக்காரருக்கும் உதவும். பெண் பணியாளர் எல்லாப் பாட்டிகளுக்கும் வேண்டும். சைவத்துக்கு ஒன்று, ஹலால் அசைவத்துக்கு ஒன்று என இரண்டு சமையலறை இருந்தால் சண்டைக்கே இடமில்லை.

வெளிநாட்டு அனுபவம் என்ன?

சிங்கப்பூரில் ஜாமியா என்ற முஸ்லிம் அமைப்பு முதியோர் இல்லமும் நர்சிங் ஹோமும் நடத்துகிறது. நர்சிங் ஹோமில் மற்ற மதத்தவருக்கும் இடம் உண்டு.

ஜெர்மனியின் பெர்லினில், க்ராய்ஸ்பெர்க் பகுதியில் 2006 இறுதியில் துருக்கிய முதியோருக்கென ஒரு பராமரிப்பு இல்லம் திறந்தார்கள். ஹலால் உணவு, தொழுகை இடம், துருக்கி மொழி பேசும் பணியாளர்கள் என எல்லாம் இருந்தும் தொடக்கத்தில் அறைகள் நிரம்பவில்லை. "பெத்தவங்களை ஹோம்ல விட்டுட்டான்" என்ற பேச்சுக்குப் பயப்படுவது நம் ஊரில் மட்டும் இல்லை. பெற்றோரைப் பேணுவதை மார்க்கக் கடமையாகவே சொல்லும் சமூகத்தில் அந்தத் தயக்கம் இன்னும் ஆழம்.

நமக்கு இதில் பாடம் உண்டு. ஊருக்கு வெளியே, வயல் நடுவில், காம்பவுண்ட் சுவருக்குள் கட்டினால் அது 'ஹோம்' ஆகிவிடும். பள்ளிவாசலும் பஸ் ஸ்டாண்டும் பக்கத்தில் இருந்து, பகலில் மட்டும் வந்து போகவும் வசதி இருந்தால், அது இன்னொரு தெருவாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் பெங்களூருவிலிருந்து வந்து மதியச் சாப்பாடு முடித்துத் திரும்பும் தூரம்தான் ஓசூரின் பலம்.

பணம்? ஆலைத் தொழிலாளிக்குக் கட்டுப்படியாகுமா?

கணக்கைப் பார்ப்போம். ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் (1995) பென்ஷன் கணக்கிடப் பொதுவான சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். 35 ஆண்டு சேவை என்று வைத்து, 70-ஆல் வகுத்தால் மாதம் 7,500 ரூபாய். அதிகச் சம்பளத்துக்குப் பங்களிக்க விருப்பம் தராதவர்களுக்கு இதுதான் உச்சம். பழைய சேவைக்கு வரம்பு இன்னும் குறைவு என்பதால் பலருக்கு இதுகூட வராது. தனியார் சீனியர் லிவிங் வளாகத்தில் இருவருக்கான மாதக் கட்டணத்துக்கு இது எட்டாது.

நிலமும் மலிவாக இல்லை. 2024 ஜூனில் ஓசூரில் சர்வதேச விமான நிலையம் அமைக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்த பிறகு நிலம் பற்றிய எதிர்பார்ப்பும் ஏறிவிட்டது.

வட்டியைத் தவிர்ப்பவர்களுக்கு வீட்டுக்கடனோ, வீட்டை அடகு வைத்து மாதந்தோறும் பணம் பெறும் ரிவர்ஸ் மார்ட்கேஜோ உதவாது. வட்டியில்லா வங்கிச் சேவைக்கான யோசனையை ரிசர்வ் வங்கி 2017-லேயே கைவிட்டுவிட்டது. மிஞ்சுவது வாடகை, திருப்பித் தரும் டெபாசிட், ஜமாஅத் உதவி. ஸகாத் பணத்தைத் தன் பெற்றோருக்கே தர முடியாது, அவர்களைப் பராமரிப்பது பிள்ளையின் நேரடிக் கடமை. ஆனால் ஆதரவற்ற முதியவர்களுக்கு ஊர் சேர்ந்து ஸகாத் நிதியிலிருந்து உதவலாம்.

அரசுக்கும் பொறுப்பு உண்டு. 2007-ம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 19-வது பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கும் இல்லங்களைப் பற்றிப் பேசுகிறது. அப்படிக் கட்டப்படும் இல்லத்தில் ஒளு மேடையும் ஹலால் அடுப்பும் இருக்க வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது.

கவனிக்கப்படாத ஆபத்து: கணவர் இறந்த பிறகு மனைவி எங்கே?

ஓய்வுக்கால ஃபிளாட்டைக் கணவர் பெயரில் மட்டும் வாங்கினால் என்ன ஆகும்? ஷரீஅத் சட்டப்படி, பிள்ளைகள் இருக்கும்போது மனைவியின் பங்கு எட்டில் ஒன்று. மீதி பிள்ளைகளுக்கும் மற்ற வாரிசுகளுக்கும். உயிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது. வாரிசுக்கே எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் "வித்துப் பங்கு குடு" என்றால், 72 வயதுத் தாய் குடியிருக்கும் வீடே பேச்சுவார்த்தைப் பொருளாகிவிடும்.

தீர்வு ஆரம்பத்திலேயே இருக்கிறது. பத்திரமோ டெபாசிட் ஒப்பந்தமோ இருவர் பெயரிலும் இருக்கட்டும். உயிரோடு இருப்பவர் தன் காலம்வரை தங்கலாம், அதன் பிறகே பணம் வாரிசுகளுக்கு என்ற வரி ஒப்பந்தத்தில் வேண்டும்.

சொந்த வீட்டை மகனுக்கு ஹிபாவாகக் கொடுத்துவிட்டு வருபவர்களும் கவனிக்க வேண்டும். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, பிள்ளை கைவிட்டால், அதே 2007 சட்டத்தின் 23-வது பிரிவில் அந்த மாற்றத்தை ரத்து செய்யத் தீர்ப்பாயத்தை அணுகலாம். ஹிபாவில் நிபந்தனை சேர்ப்பது சிக்கலான விஷயம் என்பதால் வழக்கறிஞரைப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

சேரும் முன் என்ன கேட்க வேண்டும்?

2019-ல் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் ஓய்வுக்கால இல்லங்களுக்கு மாதிரி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பில்டர், சேவை தருபவர், வாங்குபவர் மூவரும் கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தத்தை அது வலியுறுத்துகிறது. பில்டர் வாயால் சொல்லும் எந்த வசதியும் இந்தத் தாளில் ஏற வேண்டும்:

• ஹலால் சமையல், ரமலான் நேர உணவு எழுத்தில் உள்ளதா?
• இரவிலும் பெண் பணியாளர் உண்டா? தக்கினி தெரிந்தவர் இருக்கிறாரா?
• பள்ளிவாசல் எவ்வளவு தூரம்? அழைத்துப்போக வண்டி உண்டா?
• இரவு 2 மணிக்கு நெஞ்சுவலி வந்தால் எந்த மருத்துவமனை, ஓசூரா பெங்களூருவா?
• இறப்பு நேர்ந்தால் எந்த ஜமாஅத், எந்த கபர்ஸ்தான்?
• துணை இறந்த பிறகு மற்றவர் தொடர்ந்து தங்க முடியுமா?

இதில் ஒன்றுக்குக்கூட 'முஸ்லிம்களுக்கு மட்டும்' என்ற போர்டு தேவைப்படவில்லை. நாற்பது வருஷம் ஒரே அசெம்பிளி லைனில் நின்று, ஒரே கேன்டீனில் சாப்பிட்டு, ஒரே பஸ்ஸில் வீடு திரும்பியவர்கள் இவர்கள். ஓய்வுபெற்ற பிறகும் பக்கத்து அறையில் பழைய ஷிஃப்ட் நண்பர் இருந்தால் வேண்டாம் என்றா சொல்லப்போகிறார்கள்? கால் கழுவ ஒரு மேடையும், அதிகாலையில் எரிய ஓர் அடுப்பும் கட்டடத்துக்குள் இருந்தால் போதும்.