பின்னால் வரும் வீட்டுக்கும் மின்சாரம் வேண்டும்

ஆஸ்திரேலியாவில் கேம்பர் டிரெய்லரைக் காரில் பூட்டி ஊர் சுற்ற நினைப்பவர்கள் படுக்கை, அடுப்பு, கூடாரம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பேட்டரியைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ‘கார்தான் நாள் முழுக்க ஓடுகிறதே, தானாக சார்ஜ் ஆகிவிடும்’ என்ற நம்பிக்கைதான் காரணம்.

நல்லார்போர் சமவெளியில் நார்ஸ்மனிலிருந்து செடுனா வரை சுமார் 1,200 கிலோமீட்டர். சாலையோரத் தங்குமிடங்களை விட்டால் வேறு ஆதரவு அதிகமில்லை. எங்களோடு வரும் அக்கா இன்சுலின் போடுபவர். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஆகவே டிரெய்லர் குளிர்பெட்டியை நான் மருந்துப் பெட்டியாகத்தான் பார்க்கிறேன்.

காரின் மின்சாரம் டிரெய்லர் பேட்டரிக்கு முழுதாகப் போய்ச் சேராததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, வயர். காரின் முன்பக்கத்திலிருந்து டிரெய்லர் வரை 8 மீட்டர் என்றால் போக வர 16 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 20 ஆம்பியர் பாய்ந்தால் ஏறத்தாழ 2 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 14 வோல்ட் புறப்பட்டு 12 வோல்ட்டாகப் போய்ச் சேர்ந்தால் பேட்டரி எப்படி நிறையும்? இரண்டாவது, புதிய கார்களின் ‘ஸ்மார்ட்’ ஆல்டர்னேட்டர். எரிபொருளை மிச்சப்படுத்த, கார் பேட்டரி நிறைந்ததும் அது வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும். பின்னால் ஒரு பேட்டரி பசியோடு இருப்பது அதற்குத் தெரியாது.

இதற்குத் தீர்வு, டிரெய்லர் பேட்டரிக்குப் பக்கத்திலேயே பொருத்தப்படும் டிசி-டிசி சார்ஜர். வந்து சேரும் குறைந்த வோல்ட்டை அது உயர்த்திக் கொடுக்கும். அதற்கென்று தடித்த வயரும் ஆண்டர்சன் பிளக்கும் தனியாக வேண்டும். விளக்குகளுக்கான இணைப்பு இதற்குப் போதாது. இன்ஜின் நின்றதும் இணைப்பு துண்டிக்கப்படுகிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் இரவில் குளிர்பெட்டி கார் பேட்டரியையும் குடித்துவிடும். காலையில் கார் கிளம்பாது.

கணக்கு எளிது. குளிர்பெட்டி சராசரியாக 2 ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளுக்கு 48 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்துவது நல்லது. ஒரு நாள் தங்கலாம்; மறுநாளும் அங்கேயே என்றால் சோலார் தகடு வேண்டும். 25 ஆம்பியர் சார்ஜர் இருந்தால், இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓட்டினால் இழந்ததில் பெரும்பகுதி திரும்பிவிடும்.

வண்டியை வாங்கிக்கொள்ளும் இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டு, டிரெய்லர் பேட்டரியின் வோல்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். இணைக்கும் முன் இருந்ததைவிட அது தெளிவாக ஏற வேண்டும். 12-லேயே நின்றால் சார்ஜ் ஆகவில்லை என்று பொருள். குளிர்பெட்டிக்குள் ஒரு சிறு வெப்பமானியும் வையுங்கள். உறைந்துபோன இன்சுலினையும் தூக்கிப் போடத்தான் வேண்டும்.