மாணவனின் இலக்கும் அதிகாரியின் படிவமும்

மாணவர் தத்தம் கற்றல் இலக்குகளைத் தாமே வகுத்துத் தமது முன்னேற்றத்தைத் தாமே கண்காணிக்க வேண்டும் என்னும் கொள்கை இப்பொழுது ஆசிரியர் பயிற்சிக் கருத்தரங்குகளில் ஓங்கி ஒலிக்கின்றது. கொள்கை நல்லது, அதனை எதிர்ப்பதற்கு நாம் எழுதவில்லை. அதன் பெயரால் வகுப்பறைகளில் அரங்கேறும் பொய்யை எதிர்ப்பதற்கே எழுதுகிறோம்.

தவணைத் தொடக்கத்தில் மாணவர் கையில் ஒரு படிவம் கொடுக்கப்படுகின்றது. பாடம், சென்ற தவணைப் புள்ளி, இத்தவணை எதிர்பார்க்கும் புள்ளி என மூன்று கட்டங்கள். 42 பெற்றவன் 60 என்று எழுதுகிறான். 60 பெற்றவள் 75 என்று எழுதுகிறாள். வகுப்பாசிரியர் கையொப்பமிடுகிறார். மேற்பார்வைக்கு வரும் அதிகாரி கோப்பைப் புரட்டித் திருப்தியடைகிறார். இதில் மாணவன் வகுத்தது எது? கண்காணித்தது எது? பெரியோர் கேட்க விரும்பிய எண்ணை ஊகித்து எழுதினான், அவ்வளவே.

இவ்வேடிக்கையைச் சிரித்து ஒதுக்கிவிடலாகாது. மலையகத்துத் தோட்டப் பாடசாலையிலோ வன்னியின் உட்கிராமப் பாடசாலையிலோ கணித ஆசிரியரின்றி ஒரு தவணை முழுவதும் கழிவது எமது வாசகருள் ஆசிரியராயுள்ள எவருக்கும் புதுமையன்று. அங்குள்ள சிறுமியும் 70 என்று எழுதுகிறாள். தவணை முடிவில் 28 பெறுகிறாள். ‘நீ வகுத்த இலக்கை நீயே அடையவில்லை’ என்று அவளுக்குக் கூறப்படுகின்றது. ஆசிரியரை அனுப்பாத குற்றம் எங்கே போயிற்று? அது அவளது சோம்பலாக உருமாறி அவள் தலைமீதே ஏறிவிட்டது. சமூகத்தின் கடனைத் தனிமனிதனின் குறையாக்கிக் காட்டுவது முதலாளித்துவச் சிந்தனைக்குக் கைவந்த கலை. அது இன்று கல்வி உளவியலின் சட்டையை அணிந்து வந்திருக்கின்றது.

உயர்தர வகுப்பிலோ நிலைமை இன்னும் விசித்திரமானது. அங்கே இலக்கு என்பது இசட் புள்ளி. ஒருவன் பெற்ற புள்ளி, அப்பாடத்துக்குத் தோற்றியோர் அனைவரதும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றது என்பதைக் காட்டும் அளவை அது. வெட்டுப்புள்ளியோ மாவட்டத்துக்கு மாவட்டம், துறைக்குத் துறை வேறுபடுவது. பரீட்சை முடிந்த பின்னரே தெரியவருவது. அயலான் எவ்வளவு வழுக்குகிறான் என்பதில் தங்கியிருக்கும் ஓர் எண்ணை மாணவன் எவ்வாறு நாள்தோறும் கண்காணிப்பான்? அவன் கண்காணிப்பது தன் கற்றலையன்று, பக்கத்து மேசையை.

உண்மையான இலக்கு வேறு வகையானது. தமிழ்க் கட்டுரையையே எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் ஒற்றுப் பிழைகள் அனைத்தையும் சிவப்புப் பேனையால் திருத்திக் கொடுக்கிறார். மாணவன் கொப்பியை மூடிவிடுகிறான். அதற்குப் பதிலாக, பிழை உள்ள வரிகளுக்கு எதிரே ஒரு கோடு மட்டும் இட்டுக் கொடுத்து, பிழையைக் கண்டுபிடித்து வகைப்படுத்தி எண்ணும்படி விட்டாலென்ன? இரண்டாம், நான்காம் வேற்றுமை உருபுகளின் பின் வல்லினம் மிகாமல் விட்ட இடங்களே தன் பிழைகளுட் பெரும்பாலானவை என்பதை அவனே காண்பான். ‘அடுத்த கட்டுரையில் இவ்விரண்டு இடங்களையும் கவனிப்பேன்’ என்று அவன் எழுதினால் அது இலக்கு. அடுத்த கட்டுரையில் மீண்டும் எண்ணிப் பார்த்தால் அது கண்காணிப்பு. இன்னொருத்தி, ‘என் இரண்டாம் பத்தியில் கருத்து உண்டு, சான்று இல்லை’ என்று காண்பாள். ஆனால் அவள் அதைக் காண வேண்டுமாயின், சான்றுள்ள பத்தியையும் சான்றற்ற பத்தியையும் அருகருகே வைத்து வகுப்பு முன்னரே விவாதித்திருத்தல் வேண்டும். நல்லது எதுவென்று அறியாதவன் அதனை நோக்கி எவ்வாறு நடப்பான்?

ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வொன்றில், குறிப்புரை மட்டும் பெற்ற சிறுவர் முன்னேறினர். குறிப்புரையோடு புள்ளியும் பெற்றோரிடம் அம்முன்னேற்றம் காணப்படவில்லை. இதனை அறிய ஆய்வு கூட வேண்டியதில்லை. கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளின் கண்கள் எங்கே ஓடுகின்றன என்று ஒரு நிமிடம் பார்த்து நின்றாற் போதும்.

‘பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை’ என்பர் சக ஆசிரியர் சிலர். பாடத்திட்டம் முடிந்துவிடுகின்றது, மாணவன் தொடங்கிய இடத்திலேயே நிற்கின்றான். ‘ரியூசன் இருக்கின்றதே’ என்பர் வேறு சிலர். ஆம், பாடசாலை விட்டதும் அங்கே ஓடி, இரவு வரை வேறொருவர் சொல்லும் விடையை எழுதும் பிள்ளைக்குத் தன் வேலையைத் திரும்பிப் பார்க்க எந்த நாழிகை மிச்சம்? வசதி படைத்த வீட்டிலே பிள்ளையின் குறையைக் கண்டு சொல்லக் கூலிக்கு ஒருவர் வருவார். மீனவனின் மகனுக்கும் கொழுந்து பறிப்பவளின் மகளுக்கும் வகுப்பறையைத் தவிர வேறிடம் இல்லை. 1945இல் கன்னங்கரா திறந்துவிட்ட இலவசக் கல்வியின் வாசல் வழியே வந்த பிள்ளைகள் இவர்கள். தன் வேலையைத் தானே மதிப்பிடும் திறன் இவர்களுக்கே முதலில் உரியது.

ஆகவே நாம் கோருவது சிறிது. இரு வாரங்களுக்கு ஒரு பாடவேளை; படிவம் வேண்டாம், புள்ளி வேண்டாம். மாணவனிடம் ஒரு கொப்பி இருக்கட்டும். அது எந்த அதிகாரியின் பார்வைக்கும் வைக்கப்படலாகாது. அதிலே ஒரு சிறுமி, ‘இத்தவணை எமக்குக் கணித ஆசிரியர் வரவில்லை’ என்று எழுதுவாளாயின், அதுவும் கற்றலைக் கண்காணித்து எழுதிய குறிப்பே. அதை அழிக்கும்படி எந்த ஆசிரியரும் சொல்லலாகாது.