மூச்சுப் பயிற்சி புகையை வடிகட்டாது

பழவேற்காடு ஏரியில் கையால் இறால் தடவும் இருளர் பெண்கள், பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவுவார்கள். வாய் பறிக்குப் போய்விட, மூக்கு வழியாக மட்டுமே மூச்சு. தெற்கே வடசென்னை அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். ‘பிராணாயாமம் செய்தால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் பெருகும், மாசு அண்டாது’ என்று வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றும் வாக்கு இந்தக் கரையில் நிற்காது.

முதலில் ஆக்ஸிஜன் கணக்கு. கொரோனா காலத்தில் விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டிப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: நுரையீரல் நலமாக உள்ளவருக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 95 அல்லது அதற்கு மேல் காட்டும். அதற்குமேல் ஏற இடம் கொஞ்சம்தான். இழுத்து இழுத்து மூச்சுவிட்டால் ரத்தத்தில் கரியமில வாயுதான் குறையும், மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், தலை கிறுகிறுக்கும். அதைச் ‘சக்தி ஏறுகிறது’ என்று பலர் நம்பிவிடுகிறார்கள். யோகத்தின் எதிரிகள் கட்டிவிட்ட வாதமல்ல இது. 1924-ல் லோனாவாலாவில் கைவல்யதாமத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தரே அளந்து பார்த்துவிட்டு, பிராணாயாமத்தால் ஆக்ஸிஜன் குவிகிறது என்ற எண்ணத்தை மறுத்தார்.

வேகவேகமாக மூச்சுவிட்டுவிட்டு முங்கினால் நெடுநேரம் தாங்கலாம் என்பது இதைவிட ஆபத்தானது. மூச்சு முட்டுவதை முக்கியமாக உணர்த்துவது கரியமில வாயு. அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால், எச்சரிக்கையே இல்லாமல் நினைவு தப்பும். ஏரி பெரும்பாலும் இடுப்பளவுதான். நினைவு தப்பிய பிள்ளை மூழ்க அது போதும்.

மாசு? பஸ்திரிகா போன்ற வேகமான பயிற்சி, நிமிடத்துக்கு உள்ளே போகும் காற்றோடு அதிலுள்ள தூசியையும் கூட்டும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அமோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்து மக்கள் வீட்டைவிட்டு ஓடித்தான் தப்பினார்கள்.

மூச்சுப் பயிற்சியே வீண் என்று இதற்குப் பொருளில்லை. 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பெர்னார்டி குழுவினர் எழுதியது உண்மையிலேயே அருமையான ஆய்வு. ஜெபமாலை ஜெபமும் யோக மந்திரமும் மூச்சை நிமிடத்துக்கு 6 அளவுக்கு மட்டுப்படுத்தின. ரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் அனிச்சைச் செயல் வலுத்தது. ஆக, பலன் நரம்புக்கும் இதயத்துக்கும்.

படபடப்போடு வரும் மீனவருக்கு மெதுவான மூச்சைக் கற்றுக்கொடுக்கலாம். ஆஸ்துமாக்காரரிடம் இன்ஹேலரைக் கீழே வை என்று சொல்லக் கூடாது. புகைபோக்கிகளுக்கு 2015 டிசம்பரில் மத்திய அரசு உமிழ்வு வரம்பு விதித்து, 2 ஆண்டு கெடுவும் கொடுத்தது. அந்தக் கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போடப்பட்டது. ஏரிக்கரைக் குப்பங்களின் நுரையீரலுக்கு வேண்டிய வைத்தியம் அந்த வரம்பை அமல்படுத்துவதில்தான் இருக்கிறது.