கிளிக்கூண்டில் ஒரு பச்சோந்தி

வலது கை ஆள்காட்டி விரலில் பல் பதிந்த தடம். ரத்தம் நாலைந்து சொட்டுதான் வந்தது. குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவினேன். பிறகு ஒரு கிளினிக்கில் டி.டி. ஊசி. பச்சோந்திக்கு விஷம் கிடையாது, காயம் சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார். கடி அத்தோடு தீர்ந்தது.

ஆனால் நெய்வேலி நகரியத்தில் எங்கள் வட்டத்தில் மூன்று நாளைக்கு வேறு பேச்சில்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா நாலு மிளகைக் கையில் திணித்து, "மென்னு பாரு, காரம் தெரியுதா?" என்றார். மந்தாரக்குப்பத்தில் விஷக்கடிக்கு மந்திரிக்கிறவர் இருக்கிறாராம். வண்டியை எடுக்கட்டுமா என்று ஒரு தம்பி வாசலிலேயே நின்றான். பின்வீட்டுப் பெரியவர், "கடிச்சதை உசுரோட விடக் கூடாதும்மா. சுடுகாட்டு மரத்துல ஏறி நின்னு பொகை வருதான்னு பாக்கும்" என்றார். அது கொம்பேறி மூக்கன் பாம்புக்குச் சொல்கிற கதை. அந்தப் பாம்புக்கும் விஷம் இல்லை, அந்தக் கதையிலும் உண்மை இல்லை. அதைத் தூக்கி இதன் தலையில் போட்டுவிட்டார். "வேலியில போற ஓணானை எடுத்து வேட்டியில விட்டுக்கிட்ட கதைதான்" என்று குறைந்தது ஐந்து பேராவது சொல்லியிருப்பார்கள்.

இத்தனை பேர் வந்தார்கள். ஒருவர்கூட, "அது ஏன் உங்க வீட்டுக் கூண்டுக்குள்ள இருந்துச்சு?" என்று கேட்கவில்லை. விரலில் இருந்த வலி மறுநாளே போய்விட்டது. இந்த வலிதான் போகவில்லை.

கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். பதில் எனக்குப் பெருமை சேர்ப்பதல்ல.

என் கொழுந்தனார் மகன் எட்டாம் வகுப்பு முடித்தவன். முழுப்பரீட்சை லீவில் பண்ருட்டிப் பக்கம் அவன் அம்மா ஊருக்குப் போயிருந்தான். அங்கே முந்திரித் தோப்பில், கைக்கெட்டும் கிளையில் இது உட்கார்ந்திருக்கிறது. பச்சோந்தி ஓடாது. ஓணானைப் போல விருட்டென்று பாயத் தெரியாது. ஒரு காலை எடுத்து முன்னும் பின்னும் ஆட்டி, காற்றில் இலை அசைவதைப் போல அசைந்து, அப்புறம்தான் அடுத்த கிளையில் வைக்கும். அதனால் பிடிப்பது சுலபம். கிளையோடு ஒடித்து மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

"பெரியம்மா, வளக்கலாம் பெரியம்மா. யூடியூப்ல எல்லாரும் வளக்கறாங்க."

அந்த நிமிஷம் நான் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். பிள்ளை ஆசைப்படுகிறானே என்று, பரணில் கிடந்த மாமனாரின் பழைய கிளிக்கூண்டை நானே இறக்கித் துடைத்துக் கொடுத்தேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பச்சோந்தியும் அடக்கம். காட்டிலிருந்தோ தோப்பிலிருந்தோ பிடித்து வீட்டில் வைப்பது குற்றம். சிறையும் உண்டு, அபராதமும் உண்டு. கிளிக்கும் அதே சட்டம்தான். என் மாமனார் காலத்தில் அந்தக் கூண்டு தெருவைப் பார்த்துத்தான் தொங்கியது. போவோர் வருவோர் எல்லாம் "அக்கா வந்தாச்சு சொல்லு" என்று கிளியைக் கொஞ்சிவிட்டுப் போனார்கள். பிடித்து வைப்பது தப்பு என்ற நினைப்பே எங்களுக்கு எப்போதும் இருந்ததில்லை.

கூண்டில் வைத்த அன்றைக்கு அது நல்ல பச்சை. சாயங்காலத்துக்குள் உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளியும் பட்டையுமாக ஆகிவிட்டது. "கலர் மாத்துது, கலர் மாத்துது" என்று வட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். கீழே சிவப்புத் துணி விரித்தார்கள். சிவக்கவில்லை. மஞ்சள் துணி விரித்தார்கள். அது இன்னும் கறுத்தது. பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். செல்போனில் படம் எடுத்து எங்கெங்கோ அனுப்பினார்கள்.

பச்சோந்தி துணியைப் பார்த்து நிறம் மாற்றுவதில்லை. வெயிலுக்கும் குளிருக்கும் மாற்றும். இன்னொரு பச்சோந்தியைக் கண்டால் மாற்றும். பயந்தால் மாற்றும். அதன் தோலுக்குள் மிக நுண்ணிய படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றின் இடைவெளி கூடிக் குறையும்போது அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியின் நிறமும் மாறுகிறது. மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றை வைத்து ஜெனீவா பல்கலைக்கழகத்தார் 2015-இல் இதை விளக்கினார்கள். நம் ஊரில் கட்சி தாவுகிறவரை மேடையில் திட்ட வேண்டுமென்றால் இதன் பெயரைத்தான் இழுக்கிறோம். அது எனக்கு இப்போது பொறுக்கவில்லை. மனதில் ஒன்று, வெளியில் ஒன்று என்று இருப்பவருக்கு இதன் பெயர் எப்படிப் பொருந்தும்? பயந்தால் பயந்ததை, கோபம் வந்தால் கோபத்தை உடம்பு முழுக்க எழுதிக் காட்டிவிடுகிற பிராணி இது. இதற்கு ஒளிக்கத் தெரியாது. எங்களுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

கறுத்துக் காட்டியது, கைதட்டினோம். உடம்பைப் பலூன் மாதிரி ஊதிக் காட்டியது, "குண்டாயிட்டான்" என்றோம். வாயைப் பிளந்து உஸ்ஸென்று சீறியது. "சிரிக்கறான் பாரு" என்று என் கொழுந்தனாரின் நாலு வயதுப் பெண் சொன்னாள், எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். குழந்தை தெரியாமல் சொன்னாள். ஐம்பது வயது கடந்த எனக்கு என்ன வந்தது?

சாப்பாடாவது தெரிந்ததா? தக்காளித் துண்டு வைத்தோம், சோற்றுப் பருக்கை வைத்தோம், அவித்த முட்டையை உதிர்த்து வைத்தோம். உயிரோடு அசைகிற வெட்டுக்கிளியையும் பூச்சியையும் தன் உடல் நீளத்துக்கு நாக்கை வீசிப் பிடித்துத் தின்கிற பிராணிக்கு இதெல்லாம் உணவென்றே தெரியாது. பையன் ஒருநாள் நாலு வெட்டுக்கிளி பிடித்து வந்தான். இரண்டைத் தின்றது. மறுநாள் அவனுக்குக் கிரிக்கெட்.

தண்ணீர்க் கதைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அக்னி நட்சத்திர நேரம். நெய்வேலி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கூண்டுக்குள் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் காலையும் மாலையும் தண்ணீர் மாற்றி மாற்றி வைத்தேன். அது ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. "திமிரு பாரு இதுக்கு" என்று ஒருநாள் சொல்லியிருக்கிறேன். ஒன்பதாம் நாள் காலை, கிண்ணத்தை எடுக்கக் கையை விட்டேன். அது வழக்கம்போலக் கறுத்தது, ஊதியது, வாயைப் பிளந்தது. நான் வழக்கம்போலப் பொருட்படுத்தவில்லை. விரலைக் கவ்விவிட்டது. உதறியும் சட்டென்று விடவில்லை.

பச்சோந்தியின் பற்கள் தாடை எலும்போடு ஒன்றாக இணைந்தவை என்று பிறகு படித்தேன். விழுந்தால் மறுபடி முளைக்காது. அப்படிப்பட்ட பல்லை வைத்துக் கடிக்கிறதென்றால், அதற்கு வேறு வழி எதுவும் மிச்சமில்லை என்று அர்த்தம். நிறத்தால் சொல்லி, உடம்பால் சொல்லி, சத்தத்தால் சொல்லி, எதுவும் எடுபடாமல் கடைசியாகத்தான் பல்லால் சொன்னது.

டாக்டரிடம் என் வீட்டுக்காரர், "நாய்க்கடிக்குப் போடற ஊசி போட வேண்டாமா?" என்று கேட்டார். வெறிநாய்க்கடி நோய் பாலூட்டிகள் வழியாகத்தான் வரும், ஓணான், பல்லி, பாம்பு வகையிலிருந்து வராது என்றார் டாக்டர். அவர் கவலை வேறாக இருந்தது. "வீட்டுல சின்னக் குழந்தை இருக்கா? அதைத் தொட்டுட்டுக் கையைக் கழுவினாங்களா?" என்று கேட்டார். ஊர்வனவற்றின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாமாம். சின்னக் குழந்தைகளுக்கு அது கடும் வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் உண்டாக்குமாம். எங்கள் நாலு வயதுப் பெண் ஒன்பது நாளும் தக்காளி ஊட்டிய கையோடு முறுக்குத் தின்றாள். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. இல்லாத விஷத்துக்கு மிளகு கொடுத்தவர்கள், இருக்கக்கூடிய கிருமிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று மத்தியானமே வனத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். செய்ய வேண்டாம், கேஸ் ஆகிவிடும், ராத்திரி எங்கேயாவது மரத்தில் விட்டுவிடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மறுநாள் காலை ஒருவர் வந்தார். கூண்டைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் வாசல் வேப்பமரத்தில் ஒரு கொத்து ஒடித்தார். கூண்டுக்குள் மெல்லச் செருகி, அதன் மேல் தண்ணீரைக் கையால் தெளித்தார்.

"இது கிண்ணத்துல குடிக்காதும்மா. எலையில பனி நிக்கும், மழை சொட்டு நிக்கும், அதைத்தான் நக்கிக் குடிக்கும்."

முதலில் ஒரு கண் மட்டும் இலைப் பக்கம் திரும்பியது. இன்னொரு கண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு வாயைத் திறந்து, ஒவ்வொரு இலையாக, ஒவ்வொரு சொட்டாகக் குடிக்க ஆரம்பித்தது. அவர் தெளித்துக்கொண்டே இருந்தார். அது குடித்துக்கொண்டே இருந்தது. பையன் சுவரோரம் நின்று அழுதான். நானும் உள்ளே போய்விட்டேன்.

வடலூர் எங்களுக்குப் பக்கம். 1867-இல் வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் போய் ஜோதி பார்த்துவிட்டு வருகிற குடும்பம் எங்களுடையது. ஒன்பது நாள் தவித்த வாய்க்கு எப்படித் தண்ணீர் கொடுப்பது என்று ஒரு வார்த்தை யாரிடமும் விசாரிக்காத குடும்பமும் எங்களுடையதுதான்.

யூடியூபில் வளர்க்கிறார்கள் என்றானே, அதையும் உட்கார்ந்து பார்த்தேன். பெரும்பாலும் ஏமன் நாட்டு இனம், மடகாஸ்கர் இனம். கூண்டிலேயே பிறந்து வளர்ந்தவை. ஆள் உயரக் கூண்டு, உள்ளே செடி, புற ஊதா விளக்கு, மணிக்கொரு தரம் மழை மாதிரி தூவும் குழாய். அத்தனையும் வைத்துக்கொண்டு அவர்களே சொல்கிறார்கள்: இது பார்ப்பதற்கான பிராணி, கையில் எடுத்துக் கொஞ்சுவதற்கானது அல்ல. அந்தப் பேச்சை நம் பிள்ளைகள் கேட்பதில்லை. அரை நிமிஷ வீடியோவில் தோளில் உட்கார்ந்திருப்பதை மட்டும் பார்க்கிறார்கள். உலகத்தில் இருநூறுக்கு மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உண்டு. பாதிக்குப் பாதி மடகாஸ்கரில். இந்தியாவுக்கு வாய்த்தது ஒரே ஒரு இனம். அதைத்தான் நாம் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வருகிறோம்.

அந்த ஓணான் பழமொழியை இன்னொரு தரம் யோசித்துப் பார்க்கிறேன். அதில் ஒரு வேலி வருகிறது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் சுற்றுப்பக்க ஊர்களில் கிளுவை வேலியும் கள்ளி வேலியும் எங்கு பார்த்தாலும் இருந்தன. அதில் ஓணான், பச்சோந்தி, கரிச்சான், அணில் எல்லாம் குடியிருந்தன. இப்போது கம்பி வேலி, காம்பவுண்டுச் சுவர். பழுப்பு நிலக்கரிக்காக 1957-இல் தோண்டத் தொடங்கிய மண் இது. சுரங்கம் விரிய விரியத் தோப்பும் புதரும் தள்ளித் தள்ளிப் போய்விட்டன. நகரியத்துக்குள் நட்டு வளர்த்த மரங்கள் ஏராளம். மண் கொட்டிய மேடுகளிலும் மரம் வைத்திருக்கிறார்கள். மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போக நடுவில் தார் ரோடு. பெண் பச்சோந்தி முட்டையிட மண்ணில் இறங்கிக் குழி தோண்ட வேண்டும். அது ஆடி ஆடி ரோட்டைக் கடப்பதற்குள் எத்தனை பைக், எத்தனை பஸ்! காலை ஷிப்டுக்குப் போகிற நேரத்தில் நசுங்கிக் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். இதற்கு மேல் மிச்சம் இருப்பதையும் கூண்டுக்குக் கொண்டு வந்தால் எப்படி?

நாலு நாள் கழித்து வனத்துறைக்காரருக்குப் போன் செய்தேன். தெம்பு வந்ததும் பண்ருட்டிப் பக்கம் ஒரு புதர்க்காட்டில் விட்டுவிட்டதாகச் சொன்னார். பிழைத்திருக்குமா என்று கேட்டேன். "மழை வந்தா பொழைச்சுக்கும்மா" என்றார்.

உங்கள் பிள்ளை நாளைக்கு ஒரு பையோடு வந்து நின்றால், தயவுசெய்து கூண்டு தேடாதீர்கள். எந்தத் தோப்பு, எந்த மரம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, அன்றைக்கே வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வருகிற வரைக்கும் ஒரு வேப்பங்கொத்தை உள்ளே வைத்து, இலை நனையத் தண்ணீர் தெளியுங்கள். கிண்ணத்தில் ஊற்றாதீர்கள்.