கர்ணனுக்கு அழுகிற ஊர்

பங்குனி பிறந்தால் செஞ்சி, திண்டிவனம், செய்யாறு பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்துக் காலம் தொடங்கிவிடும். நான் வேலை பார்க்கும் வங்கிக்கே நோட்டீசும் ரசீதுப் புத்தகமுமாக வந்துவிடுவார்கள். வருகிற பருவத்துக்கும் அதே பட்டியல்தான் இருக்கும்: வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். ஏகலைவனுக்கு ஓர் இரவு ஒதுக்கிய நோட்டீஸ் இதுவரை என் கையில் வந்ததில்லை.

கூத்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது நம்முடையதும்தான். சேரிகளிலும் ஜமா உண்டு, வாத்தியார் உண்டு. முகவீணைக்கும் மிருதங்கத்துக்கும் ஈடுகொடுத்து, கட்டை கட்டி விடிய விடிய ஆடுகிற உடம்பு நம்மிடமும் இருக்கிறது. யார் கதையை, எந்தத் தெருவில் ஆடுகிறோம் என்பதுதான் கேள்வி.

கர்ண மோட்சத்தில் பொன்னுருவி புருஷனின் பிறப்பைச் சொல்லியே இழிவுபடுத்துகிறாள். அவன் குந்தி பெற்ற பிள்ளை என்று தெரிந்ததும் மனம் மாறுகிறாள். ஊரும் சேர்ந்து அழுகிறது. சரி, அவன் நெசமாவே தேரோட்டி மகனா இருந்திருந்தா? எவன் அழுதிருப்பான்? அந்தக் கண்ணீர் அவமானப்பட்டவனுக்கானது அல்ல, இடம் மாறிப்போன சத்திரியனுக்கானது. ஏகலைவனுக்கு அப்படி ஒரு ரகசியப் பிறப்பு பாரதத்தில் இல்லை. வேடனாகவே வில் கற்றான், வேடனாகவே கட்டைவிரலை இழந்தான். அவனுக்காக அழ வேண்டுமென்றால் துரோணனைக் குற்றவாளி என்று சொல்லியாக வேண்டும்.

விடிந்ததும் என்ன நடக்கிறது? விழுப்புரம் மேல்பாதி தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் 2023 ஏப்ரலில் போன தலித்துகளை அடித்தார்கள். ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். 2025 ஏப்ரலில் போலீஸ் காவலோடுதான் நம் சனம் உள்ளே போய்க் கும்பிட முடிந்தது. சபையில் இழுத்துவரப்பட்ட பெண்ணைத் தெய்வமாக்கிக் கும்பிடுகிறவர்கள், சேரிப் பெண்ணை வாசலில் நிறுத்துகிறார்கள். பல ஊர்களில் நம்மிடம் திருவிழா வரிகூட வாங்குவதில்லை. வாங்கினால் பங்கு கேட்போம் என்ற பயம்.

“பாரதத்தில் கைவைக்கலாமா?” என்பார்கள். பொன்னுருவி வியாசன் பாரதத்தில் ஏது? நம் மண்ணின் கதைமரபு கொண்டுவந்து சேர்த்தவள்தானே! அவளைச் சேர்க்க முடிந்தவர்களால் ஏகலைவனைச் சேர்க்க முடியாதா?

நம் ஜமா வாத்தியார்களுக்குச் சொல்கிறேன்: இந்தப் பருவத்தில் ஏகலைவனுக்கு ஓர் இரவு கொடுங்கள். சேரித் திடலில் ஆடுங்கள். ஊர் இங்கே வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். ராஜாவையே கிண்டல் பண்ணக் கட்டியக்காரனுக்கு உரிமை இருக்கிறது. இரட்டைக் குவளையையும் கோயில் பூட்டையும் அவன் வாயாலேயே கேளுங்கள். பங்கு கொடுக்காத ஊர் தாம்பூலத்தோடு அழைக்க வந்தால், திருப்பிக் கொடுங்கள்.