கடைக்காரருக்கு ஒரு கடிதம் போடுங்கள்!

அரைக் கிலோ துவரம் பருப்பு வாங்கப் பெரிய கடைக்குப் போகிறோம். பணத்தை நீட்டுகிறோம். "செல்போன் நம்பர் சொல்லுங்கள்" என்கிறார் பில் போடுபவர்.

பருப்புக்கும் செல்போனுக்கும் என்ன சம்பந்தம்? யாரும் கேட்பதில்லை. பின்னால் நிற்பவர் முகம் சுளிப்பாரே என்று நம்பரைச் சொல்லிவிட்டு வந்து விடுகிறோம். "பத்து எண்கள்தானே, போனால் போகிறது" என்று நினைக்கிறோம்.

அப்படி நினைப்பது சரியல்ல. நம் பாங்குக் கணக்கு அந்த நம்பரோடுதான் சேர்ந்திருக்கிறது. காஸ் சிலிண்டரும் அதில்தான் பதிவாகிறது. கல்லாவில் அதை உரக்கச் சொன்னால் பக்கத்தில் நிற்பவன் காதிலும் விழும். அதை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணுக்கு எத்தனை தொல்லை கொடுக்கலாம்!

அது மட்டுமா? பெயர், நம்பர், வாங்கிய பொருள் மூன்றும் சேர்ந்தால் நம் வீட்டுக் கதை தெரிந்துவிடும். எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் சர்க்கரை நோயாளி என்பதெல்லாம் வெளியாகிவிடும். அந்தப் பட்டியல் மோசக்காரன் கைக்குப் போனால், "பாங்கிலிருந்து பேசுகிறேன்" என்று நம் பெயரைச் சொல்லியே கூப்பிடுவான்.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தரங்கம் மனிதனின் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-ந் தேதி தீர்ப்பளித்தார்கள்.

வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த சொந்த விவரத்தைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிறருக்குக் கொடுப்பது நேர்மையற்ற வணிகம் என்கிறது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். "நம்பர் தராவிட்டால் பில் இல்லை" என்று கட்டாயப்படுத்துவதும் தவறு என்று மத்திய நுகர்வோர் விவகார அமைச்சகம் 2023 மே மாதம் வணிகர்களுக்கு அறிவுறுத்தியது.

அதே 2023-ம் ஆண்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளை நிறைவேற்ற 18 மாத அவகாசம் தரப்பட்டது. விவரம் பெற மனமொப்பிய சம்மதம் வேண்டும். தேவைக்கு மேல் கேட்கக் கூடாது. வாடிக்கையாளர் விரும்பினால் அறிவிப்பைத் தமிழிலும் தர வேண்டும் என்கிறது அது. விவரங்களைப் பாதுகாக்கத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் உண்டு!

சண்டை வேண்டாம்

சட்டம் இருக்கிறது என்பதற்காகப் பில் போடும் பெண்ணிடம் சீறாதீர்கள். மிஷின் கேட்கிறது, அவரும் கேட்கிறார். சம்பளத்துக்கு வேலை செய்பவர் அவர். மாற்றும் அதிகாரம் முதலாளியிடம் இருக்கிறது. ஆகவே முதலாளிக்கு எழுதுங்கள். புதிய சட்டமும் இதையேதான் சொல்கிறது: முதலில் அந்த நிறுவனத்திடமே குறையைச் சொல்ல வேண்டும். அங்கே தீராவிட்டால்தான் மேலே போகலாம்.

கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, இன்ன தேதியில் தங்கள் கடையில் பொருள் வாங்கினேன். செல்போன் நம்பர் தராவிட்டால் பில் போட முடியாது என்றார்கள். இது நுகர்வோர் சட்டத்துக்கு மாறானதாக இருக்கக்கூடும். இவ்வழக்கத்தை நிறுத்த வேண்டுகிறேன். என் நம்பரை எதற்காக வைத்திருக்கிறீர்கள், யாருக்காவது கொடுத்திருக்கிறீர்களா என்று தெரிவியுங்கள். தேவையில்லை என்றால் அழித்துவிட்டு எனக்குத் தகவல் தாருங்கள்."

"இருக்கக்கூடும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. நடந்ததை மட்டும் எழுதுங்கள். பொய்ப் புகார் கொடுப்பவருக்கும் ரூ.10,000 வரை அபராதம் விதிக்க அந்தப் புதுச் சட்டம் இடம் தருகிறது. பில்லின் நகலை இணைத்து அனுப்புங்கள். கடிதத்தின் நகலும் தபால் ரசீதும் உங்களிடம் இருக்கட்டும்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி நம்பரைக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம்.

வணிகர்களுக்கு ஒரு வார்த்தை

வீட்டுக்குப் பொருள் அனுப்ப நம்பர் தேவைதான். தள்ளுபடிச் செய்தி அனுப்ப ஆசைப்படுவதும் குற்றமல்ல. "விருப்பமிருந்தால் தாருங்கள்" என்று கேளுங்கள். விரும்பியவர் தருவார். கட்டாயம்தான் கூடாது. வாடிக்கையாளரின் கடிதம் வந்தால் கோபிக்காதீர்கள். வழக்கு வருமுன் எச்சரிக்கை வந்ததே என்று மகிழுங்கள்.

"ஒரு கடிதத்தால் என்ன ஆகிவிடும்?" என்பார் சிலர். ஒரு தெருவிலிருந்து பத்துக் கடிதங்கள் போகட்டும். எந்த முதலாளியும் யோசிப்பார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். வாய் திறக்காத வாடிக்கையாளரின் உரிமை சட்டப் புத்தகத்திலேயே தூங்கும்!